ஸ்டெயின்லெஸ் கத்தியையும் துடைத்துத்தான் வைக்க வேண்டும்

"ஸ்டெயின்லெஸ் சவரக்கத்தியில் கார்பன் ஸ்டீல் அளவுக்குக் கூர் ஏறாது, ஆனால் துருவே பிடிக்காது, கழுவி அப்படியே மடக்கி வைக்கலாம்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

ரேசரில் மாட்டும் இரட்டை முனை பிளேடுகளில் பெரும்பாலானவை ஸ்டெயின்லெஸ்தான். அவற்றின் கூர்மையை யாரும் குறை சொல்வதில்லையே! ஸ்டெயின்லெஸ் என்பது குரோமியம் கலந்த இரும்பு; அதில் கடினமான கார்பைடு துகள்கள் இருப்பதால் கல்லில் தீட்ட அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். இரும்பைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்தியதும் தீட்டும் கையும் சரியாக இருந்தால் கூர் வரும். குரோமியம் அதிகம் சேராத கார்பன் ஸ்டீல் கல்லுக்குச் சீக்கிரம் இணங்கும்; புதிதாகத் தீட்டப் பழகுபவருக்கு அதையே சொல்வேன்.

துரு விஷயம்தான் எனக்குக் கவலை. குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது; ஆனால் முழுதாக அல்ல. ஈரமும் சோப்பு நுரையும் தங்கினால் அதிலும் துருப் புள்ளி விழும். கத்தியும் கைப்பிடியும் சேரும் ஆணிப் பக்கத்தைப் பாருங்கள்: துடைத்த பிறகும் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும். மெல்லிய துணியால் அதை ஒற்றி எடுத்து, கத்தியைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் உலரவிடுங்கள். கார்பன் ஸ்டீல் என்றால் அப்புறம் ஒரு துளி எண்ணெயும் தடவுங்கள்.