சப்டைட்டில் கூட்டத்திலிருந்து ஒருவன்

எந்த முகநூல் பதிவைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். நேற்றிலிருந்து பத்துப் பேராவது எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பெயர் சொல்லி எழுதியவருக்கு இன்னும் நாலு லைக் வாங்கிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஹாலிவுட் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனின் 'இன்டர்ஸ்டெல்லர்' ஐமேக்ஸ் பெரிய திரையில் மறுபடி வந்து டிக்கெட் கிடைக்காமல் போனதில் அவருக்கு வருத்தம். அதை நேராகச் சொல்லியிருக்கலாம். "சப்டைட்டிலை எடுத்துவிட்டால் ஒரு வரி புரியாத கூட்டமெல்லாம் நோலன் ரசிகர் மன்றம்" என்று எழுதியிருக்க வேண்டாம்.

ஆமாம் சார், எனக்கு சப்டைட்டில் வேண்டும். லண்டன்காரனுக்கும் வேண்டும். 2014இல் இதே படம் வந்தபோது வசனம் காதில் விழவில்லை என்று நோலனுக்குப் போன் போட்டவர்களில் சக இயக்குநர்களும் இருந்தார்கள். அவரே சொன்னதுதான். 'டெனெட்'டில் முகமூடியை மாட்டிக்கொண்டு பேசுவார்கள், பின்னால் இசை போட்டு இடிக்கும். ஐமேக்ஸ் கேமரா ஓடினாலே சத்தம். இருந்தாலும் அப்புறமாக நடிகரைக் கூப்பிட்டு டப்பிங் பேசவைப்பதில் மனிதருக்கு இஷ்டமில்லை, நடிக்கும்போது பேசியதுதான் வேண்டும் என்பார். டப்பிங் தியேட்டரிலேயே பாதிப் படம் உருவாகும் ஊர்க்காரனான எனக்கு இது கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் படுகிறது. சரி, அது அவர் பாடு. வெள்ளைக்காரனுக்கே கேட்காத வசனம் எனக்கும் கேட்கவில்லை என்றால் நான் மட்டும் எப்படிப் போலி ரசிகன் ஆனேன்?

என் அப்பா தியேட்டர் ஆப்பரேட்டர். எட்டாவது வரை படித்தவர். ஒருமுறை செகண்ட் ஷோவில் தூக்கக் கலக்கத்தில் ஏழாவது ரீலுக்குப் பதில் எட்டாவதை மாட்டிவிட்டார். திரையில், சுவரில் மாலை போட்ட போட்டோவாகத் தொங்கிய கதாநாயகனின் தம்பி, பத்து நிமிஷம் கழித்து உயிரோடு வந்து இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். கீழே ஒரே விசில். சம்பளத்தில் இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

கல்லூரி விடுதியில் நோலனின் 'மெமெண்டோ'வை சிடியில் பார்த்தேன். அன்றைக்கு சப்டைட்டிலும் கிடையாது. கலர் காட்சிகள் பின்னோக்கிப் போகும், கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கி வரும், கடைசியில் இரண்டும் ஒரு இடத்தில் முட்டிக்கொள்ளும். லீவுக்கு வந்தபோது அப்பாவிடம் கதையைச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டவர், "அப்ப அவன் வேணும்னே ரீலை மாத்தி மாட்டியிருக்கான். எனக்கு இருநூறு ரூபா பிடிச்சாங்க. அவனுக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்றார். நோலனைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனத்தை நான் இதுவரை படிக்கவில்லை.

சொல்லவந்தது இதுதான். நோலன் படத்தை ரசிப்பதற்கு ஆங்கிலம் தேவையில்லை, எது முன்னால் எது பின்னால் என்று யோசிக்கிற புத்தி போதும். ஆனால் பதிவர் ஐயா அவரை ஏதோ கான்வென்ட் பள்ளிச் சொத்துபோல வேலி போட்டுக் காக்கிறார். நோலன் சினிமாப் பள்ளிக்கே போனதில்லை. லண்டனில் படித்தது ஆங்கில இலக்கியம். 1998இல் வந்த முதல் படம் 'ஃபாலோயிங்'கை வேலைக்குப் போகிற நண்பர்களை வைத்து வாரக் கடைசிகளில் ஒரு வருஷம் இழுத்து இழுத்து எடுத்தார். செலவு சுமார் 6,000 டாலர். பிலிமை வீணாக்கக் காசில்லை, அதனால் ஒத்திகை மேல் ஒத்திகை பார்த்து ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். அப்படித் தொடங்கியவருக்கு இயக்கத்துக்கான முதல் ஆஸ்கர் பரிந்துரை 'டன்கிர்க்'குக்காக 2018இல்தான் வந்தது. அதற்குள் அவருடைய 'டார்க் நைட்' நூறு கோடி டாலரைத் தாண்டி வசூலித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. 2024இல் 'ஓப்பன்ஹைமர்' ஏழு ஆஸ்கர் வாங்கியது. அகாடமி ஒத்துக்கொள்வதற்கு முன்பே கூட்டம் ஒத்துக்கொண்டுவிட்டது. இந்தக் கூட்டம்தான், சார்.

இன்னொன்று. 2018இல் நோலன் மும்பை வந்தபோது கமல் போய்ப் பார்த்தார். பிலிமில் எடுத்த 'டன்கிர்க்'கை டிஜிட்டலில் பார்த்ததற்கு மன்னிப்புக் கேட்டதாகவும், நோலன் 'பாபநாசம்' பார்த்திருக்கிறார் என்று தெரிந்து ஆச்சரியப்பட்டதாகவும் கமலே எழுதினார். திருநெல்வேலித் தமிழ் நோலனுக்கு எவ்வளவு புரிந்திருக்கும்? "சப்டைட்டிலை எடுத்துவிட்டால் ஒரு வரி புரியாது" என்று அவரை யாராவது நக்கலடித்தோமா? பெருமைப்பட்டோம். அவர் நம் படத்தைப் பார்த்தால் ரசனை, நாம் அவர் படத்தைப் பார்த்தால் பாவனை!

கமென்ட்டில் வரப்போவது எனக்குத் தெரியும். "அவர் படத்தில் பெண்களுக்கு வேலையே இல்லையே, மனைவி என்றாலே செத்துப்போகிறாளே?" ஒத்துக்கொள்கிறேன், மேலே போவோம். "டெனெட் உனக்குப் புரிந்ததா?" இல்லை. இன்றுவரை இல்லை. புரிந்தது என்று நான் சொன்னதும் இல்லை. "அவர் படத்தில் உணர்ச்சியே கிடையாது, எல்லாம் கணக்கு" என்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டும்.

'இன்டர்ஸ்டெல்லர்' படத்தில் அந்த அலை கிரகத்திலிருந்து விண்வெளிக்குப் போன கூப்பர் தன் கப்பலுக்குத் திரும்பி வருவான். அங்கே ஒரு மணி நேரம் என்றால் பூமியில் ஏழு வருஷம். பிள்ளைகள் அனுப்பிய இருபத்து மூன்று வருஷத்து வீடியோக்கள் சேர்ந்து கிடக்கும். உட்கார்ந்து பார்ப்பான், அழுவான். நான் குவைத்தில் நாலு வருஷம் இருந்தேன். போகும்போது மகளுக்கு இரண்டு வயது. பல் விழுந்ததை, பள்ளிக்கூடம் போனதை எல்லாம் போனில்தான் பார்த்தேன். டவர் கிடைக்காத வாரங்களில் மொத்தமாக வந்து சேரும். அந்தக் காட்சியில் சப்டைட்டில் ஓடியதா என்றுகூட எனக்கு நினைவில்லை. எனக்குப் புரியவில்லை என்று நீங்கள் எப்படிச் சார் கண்டுபிடித்தீர்கள்?

எங்கள் ஊர் தியேட்டர் டிஜிட்டலுக்கு மாறியதும் அப்பாவுக்கு வேலை போனது. பட்டன் அமுக்க ஒரு பையன் போதும் என்றார்கள். பிலிம் சாகக்கூடாது என்று ஒரு ஆங்கிலேயர் இன்னமும் ஸ்டுடியோக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதை நான் அப்பாவிடம் சொல்வதுண்டு. 'ஓப்பன்ஹைமர்' ஐமேக்ஸ் பிலிம் பிரிண்ட்டின் நீளம் 11 மைல், எடை 270 கிலோ, அதை ஓட்ட இந்தியாவில் ஒரு தியேட்டர்கூட இல்லை என்று சொன்னபோது சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நேற்று இரவு மறுபடி அதே பேச்சு. "அவ்வளவு நீளம் ஓடுறப்ப நடுவுல அறுந்துச்சுன்னா எப்படிடா ஒட்டுவான்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. முகநூலில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருத்தர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.