சேச்சி ஆஸ்திரேலியா போய்விட்டார்

எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் பதினொரு வருடம் நர்ஸாக இருந்த மலையாளி சேச்சி போன மாதம் இங்கிலாந்தை விட்டே கிளம்பிவிட்டார். கேக் வெட்டினோம், "உங்களை ரொம்ப மிஸ் பண்ணுவோம்" என்றார் மேனேஜர். பண்ணத்தான் வேண்டும், ராத்திரியில் நரம்பு கிடைக்காத நோயாளிக்குக் கேனுலா போடப் பக்கத்து வார்டிலிருந்துகூட அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் வந்த அன்றும் பேண்ட் 5 (நர்ஸுக்கு முதல் சம்பளப் படி), போன அன்றும் பேண்ட் 5. அவரிடம் வேலை கற்ற இரண்டு பெண்கள் இன்று அங்கே சிஸ்டர், அதாவது ஒரு படி மேலே பேண்ட் 6-ல் இருக்கும் மூத்த நர்ஸ்.

பேண்ட் 6 இன்டர்வியூவுக்கு நான்கு முறை போனார். கடைசியாக வந்த பதில் என்ன தெரியுமா? எதைக் கேட்டாலும் "நாங்கள் செய்தோம்" என்கிறாராம், "நான் செய்தேன்" என்று சொல்லவில்லையாம். தன்னைப் பற்றிப் பேசினாலே வாய்க்கொழுப்பு என்று அதட்டி வளர்த்த ஊர்க்காரர்கள் நாம், இங்கே அதற்குத்தான் மார்க்.

இது இன்று நேற்று வந்ததில்லை. 1948-ல் பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். தொடங்கியபின் கரீபியன் தீவுகளிலிருந்து பெண்களை அழைத்து வந்து, பலரை மூன்று வருட எஸ்.ஆர்.என். (முழுத் தகுதி நர்ஸ்) படிப்புக்குப் பதில் இரண்டு வருட எஸ்.இ.என். (அதற்குக் கீழ்நிலை நர்ஸ்) படிப்பில் தள்ளிவிட்டார்கள். வித்தியாசம் தெரியாமலே சேர்ந்தவர்கள் நிறைய. அதை வைத்து இங்கே மேலே போகவும் வழியில்லை, பெரும்பாலான தீவுகளில் அது செல்லவும் இல்லை. இப்போது 2015 முதல் என்.எச்.எஸ். ஊழியர்களை இனவாரியாகக் கணக்கெடுக்கிறார்கள். 2023 அறிக்கைப்படி, ஷார்ட்லிஸ்ட் ஆனவர்களில் வெள்ளையருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருப்பதைப்போல் 1.59 மடங்கு. கணக்கு மட்டும் ஒழுங்காக எடுக்கிறார்கள்!

கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் ஆள் பிடிக்க டிக்கெட், விசா, ஓ.எஸ்.சி.ஈ. (இங்கே நர்ஸாகப் பதிவு பெறத் தேற வேண்டிய செய்முறைத் தேர்வு) பயிற்சி என்று செலவு செய்தார்கள், சரி. வந்தவரைத் தக்கவைக்க? வருடத்துக்கு ஒரு நாள் புடவை கட்டி வரச்சொல்லி, சமோசா கொடுத்து, போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். (சமோசாவும் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.)

அதை நிறுத்திவிட்டு, இன்டர்வியூ பேனலில் எங்களோடு நைட் பார்த்த ஒருவரை உட்காரவைக்கட்டும். தேறாதவருக்குக் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். யாராவது லீவில் போனால் அந்த இடத்தில் ஆறு மாதம் சிஸ்டராக இருந்து பார்க்கும் வாய்ப்பை டீ ரூமில் காதோடு காதாகப் பேசி முடிக்காமல் நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை.

சேச்சியின் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை, ஏஜென்சி நர்ஸை வைத்து ஓட்டுகிறார்கள். வரும் வியாழன் எனக்கு பேண்ட் 6 இன்டர்வியூ. பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று "நான் செய்தேன், நான் முடிவெடுத்தேன்" என்று சொல்லிப் பழகுகிறேன். வெளியே நின்று கேட்டுவிட்டு, யாரோடு சண்டை போடுகிறாய் அம்மா என்கிறாள் மகள்.