டோக்கன் பெட்டிக்கு டெபியன் போட்டது குற்றமா?

நேற்று அந்தக் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். கிளினிக்கில் டோக்கன் சீட்டு அடிக்கிற கம்ப்யூட்டர் பெட்டிக்கு நான் டெபியன் என்ற லினக்ஸ் போட்டுவிட்டேனாம். "ஆல்பைன் 5 எம்பியில் முடிக்கிற வேலைக்கு டெபியனா அங்கிள்?" என்று ஒருவர் கேட்க, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அறிவாளிகளே, ஆல்பைன் என்ற குட்டி லினக்ஸுக்குச் சொல்லும் அந்த 5 எம்பி கன்டெய்னர் இமேஜின் அளவு, அதாவது ஏற்கெனவே ஓடும் ஒரு லினக்ஸுக்குள் ஓட்டுகிற பொட்டலத்தின் அளவு. சிஸ்டத்தின் கருவான கெர்னல், ஹார்டுவேருக்கான ஃபர்ம்வேர், திரைக்கு ஒரு பிரவுசர், பிரிண்டருக்கு கப்ஸ் என்ற பிரிண்ட் சாஃப்ட்வேர், எல்லாம் ஏற்றிவிட்டு வந்து அளவைச் சொல்லுங்கள்.

நான் எட்டிப் பார்க்காத மாதங்களிலும் பெட்டி ஓட வேண்டும், பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருக்க வேண்டும், நான் பார்ப்பது அவ்வளவுதான். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-க்கு எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவோடு சேர்த்து 2028 ஜூன் வரை அப்டேட் உண்டு. ஆல்பைனில் ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய இரண்டு வருடம். அதற்குப் பிறகு யார் போய் மாற்றுவது, சிரித்தவர்களா?

ஆல்பைனை நான் பார்க்காமலும் இல்லை. அந்த தெர்மல் பிரிண்டருக்கு கம்பெனி கொடுத்த டிரைவர், டெபியன் மாதிரி லினக்ஸ்களில் இருக்கும் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரிக்குக் கட்டிய பைனரி மட்டும், சோர்ஸ் கிடையாது. ஆல்பைனில் அதற்குப் பதில் இருப்பது மஸ்ல் என்ற வேறு லைப்ரரி. ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, ஓட்டினால், அது தேடும் ஜிலிப்சி இல்லாததால், 'நாட் ஃபவுண்ட்' என்கிறது. ஜிலிப்சி மாதிரி நடிக்கும் ஜிகாம்பேட் போட்டிருக்கலாமே என்று வராதீர்கள், போட்டேன், அந்த டிரைவர் மசியவில்லை. நான் அங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ரிசப்ஷன் அக்கா காலண்டர் தாளைக் கிழித்து நம்பர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதே பிரிண்டர், அதே டிரைவர், டெபியனில் முதல் தடவையே சீட்டு வந்தது.

ஆல்பைன் முழுசும் ரேமில் ஓடும், கரண்ட் போனாலும் மெமரி கார்டு கெடாது என்கிறார் இன்னொருவர். சரி, நியாயமான பேச்சு. ஆனால் டெபியனிலும் ரூட்டை, அதாவது சிஸ்டம் இருக்கும் பகுதியை, எழுத முடியாத ரீட் ஒன்லியாக்கி, மாற்றங்கள் ரேமிலேயே நிற்கும்படி மேலே ஓவர்லே போடலாம், போட்டுத்தான் இருக்கிறேன். எப்போதும் புதுசாக மாறிக்கொண்டே இருக்கும் ஆர்ச் லினக்ஸைச் சொன்னவருக்குப் பதில் இல்லை.

அப்புறம், டெபியனில் எல்லாம் பழசாம். பழசுதான் ஐயா வேண்டும், டோக்கன் அடிக்கப் புதுக் கெர்னல் எதற்கு? ரெட் ஹாட் கம்பெனி கையிலிருந்த சென்ட்ஓஎஸ் 8 லினக்ஸை 2029 வரை நம்பி உட்கார்ந்தவர்களுக்கு 2020 டிசம்பரில் வந்த சேதி, 2021-ஓடு சரி என்பதுதான். டெபியன் ஒரு கம்பெனியின் சொத்து இல்லை என்பதே எனக்குப் பாதி நிம்மதி.

சிரித்தவர்களில் ஒருவருக்கு கிரப், அதாவது லினக்ஸைக் கிளப்புகிற பூட் புரோகிராம், போன லேப்டாப்பை நடுராத்திரியில் போனிலேயே மீட்டுக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு வாய்க்கு வாய் 'அண்ணே'. இனி இன்பாக்ஸில் வந்து "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, சும்மா ஜாலிக்கு" என்று சொல்ல வேண்டாம். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.