தார் ஏறுது, வீடு இறங்குது

சென்னையில் ரோடு போடுவது என்றால் பழைய ரோட்டின் தலையில் புது ரோட்டை ஏற்றுவது. அவ்வளவுதான். அதற்கு ஒரு டெண்டர், ஒரு ரோலர், ராத்திரி பதினோரு மணிக்குப் புகை கக்கிக்கொண்டு வரும் ஒரு டிப்பர் லாரி. காலையில் எழுந்து பார்த்தால் தெரு பளபளவென்று கறுப்பாக இருக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டல் பொம்மைகள் வரிசைகட்டும். கவுன்சிலருக்கு நன்றி, எம்.எல்.ஏ.வுக்கு நன்றி. நம் வீட்டு வாசல்படியில் இரண்டு விரல் உயரம் காணாமல் போயிருக்கும். அதைப் பற்றி ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டார்.

கணக்கு ரொம்பச் சுலபம். உள்தெருக்களில் மேலே போடும் தார்த் தளம் 30, 40 மில்லிமீட்டர் கனம் இருக்கும். வாசல்படி ஒன்றின் உயரம் ஆறு அங்குலம், அதாவது 150 மில்லிமீட்டர். பழையதைச் சுரண்டாமல் நாற்பது நாற்பதாக நாலு தடவை போட்டால் ஒரு படி காலி. எண்பதுகளில் மூன்று படி வைத்துக் கட்டிய வீடுகள் மேற்கு மாம்பலத்திலும் மடிப்பாக்கத்திலும் வேளச்சேரியிலும் எத்தனை இருந்தன! இன்று அந்த வீடுகளுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். ஜன்னலைத் திறந்தால் தெருவில் போகிறவரின் முழங்கால் தெரிகிறது. வீடு கட்டினவர் அப்போது அக்கம்பக்கத்தில் விசாரித்து, மேஸ்திரியைக் கேட்டு, 'வெள்ளம் வந்தாலும் தாங்கும்' என்று நம்பித்தான் பேஸ்மட்டம் போட்டார். தெருவே எழுந்து வீட்டுக்கு மேலே நிற்கும் என்று அந்த மனிதர் எப்படிக் கணக்குப் போட்டிருப்பார்?

இதற்கு விதி இல்லாமல் இல்லை. 2021 மே மாதம் தலைமைச் செயலாளராக வந்த இறையன்பு முதலில் செய்த வேலைகளில் ஒன்று இதுதான்: பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்துக்குத்தான் புதுத்தளம் போட வேண்டும் என்று உத்தரவு. படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெரிய ரோடுகளில் மில்லிங் மெஷின் வருகிறது, சுரண்டுகிறது, நானே பார்த்திருக்கிறேன். உள்தெருவுக்கு வந்தால் கதை வேறு. சில இடங்களில் மேலாக நாலு கீறல் கீறிவிட்டுப் போகிறார்கள். சில இடங்களில் அதுவும் இல்லை.

போன முறை எங்கள் தெருவில் தார் போட வந்தபோது இறங்கிப் போய்க் கேட்டேன். "மில்லிங் பண்ணாம போடறீங்களே?"

சூப்பர்வைசர் சின்ன வயசுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். "அந்த மெஷின் இந்தச் சந்துக்குள்ள எப்படி மேடம் திரும்பும்? பஸ் ரூட்டுக்குத்தான் வரும்."

"அப்ப சின்ன மெஷின் வெச்சு, ஆள் வெச்சு உடைச்சு எடுக்கலாமே?"

"எஸ்டிமேட்ல இல்ல மேடம்."

அதற்குள் எதிர்வீட்டு அங்கிள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ஏம்மா, குண்டும் குழியுமா கிடந்து இப்பதான் ஒருவழியா போடறான். நீ எதையாச்சும் கேட்டு வேலைய நிறுத்திடாத." சூப்பர்வைசர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். ரோலர் நகர்ந்தது. அங்கிளின் வீடு சமீபத்தில் இடித்து, நாலடி பேஸ்மட்டம் போட்டுப் புதிதாகக் கட்டியது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ரோடு இன்னும் மூன்று தடவை ஏறினாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது.

என் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது. கான்ட்ராக்டரைத் திட்டுவது சுலபம், அதிகாரியைத் திட்டுவது அதைவிடச் சுலபம். ஆனால் தெரு ஒரு அங்குலம் ஏறினால் நாம் என்ன செய்கிறோம்? ஒன்றாகப் போய் நின்று 'சுரண்டிட்டுப் போடுங்க' என்று கேட்கிறோமா? கிடையாது. அவரவர் வீட்டை ஓர் அடி உயர்த்துகிறோம். உயர்த்தியவர் வீட்டுத் தண்ணீர் உயர்த்தாதவர் வீட்டுக்குப் போகிறது. அடுத்த மழைக்குப் பிறகு அவரும் கடன் வாங்கி உயர்த்துகிறார். அவர் தண்ணீர் அதற்கடுத்த வீட்டுக்கு. கடைசியில் பாக்கி இருப்பது தெருக்கோடியில் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பம்தான்.

சென்னையே கடல்மட்டத்துக்கு மேலே சராசரியாக ஏழு மீட்டர் உயரத்தில் படுத்துக் கிடக்கும் ஊர். தண்ணீர் வடிய இங்கே சரிவு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இருக்கிற கொஞ்ச நஞ்ச வாட்டத்தைத்தான் ஒவ்வொரு தார் அடுக்கும், ஒவ்வொரு ராம்ப்பும் மாற்றிக்கொண்டே இருக்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மழைக்கு எந்த ரோடும் எந்த வடிகாலும் ஈடுகொடுத்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். நான் பேசுவது அதைப் பற்றி இல்லை. சாதாரண ஐப்பசி மழை, ஒரு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்கிற மழை, அதற்கே ஹாலில் செருப்பு மிதக்கிறதே, அதைப் பற்றி.

தெருவைவிடத் தாழ்ந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது மாடியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று நினைத்து நாம் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருப்போம். அது பாத்ரூம் வழியாக வரும். தெருவில் பாதாளச் சாக்கடை நிரம்பினால், அதைவிடத் தாழ்ந்திருக்கும் தரைத்தளக் கழிவறையில்தான் முதலில் பொங்கும். மொளக் மொளக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் நடுராத்திரியாக இருந்தாலும் அம்மா எழுந்து பழைய புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடுவார், ஓட்டையை அடைக்க. அடுத்தது சம்ப், தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. மூடியின் விளிம்பு தரைக்குச் சமமாக இருந்தால் முடிந்தது, தெருத்தண்ணீர் குடிதண்ணீரில். 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது எங்கள் வீட்டிலும் குழி வெட்டினோம். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை, கிணற்றில் தண்ணீர் ஏறியதைக் கண்ணால் பார்த்தோம். இன்று அந்தக் குழி தெருவைவிடக் கீழே. மொட்டை மாடித் தண்ணீரோடு தெருச்சாக்கடையும் அதில்தான் இறங்குகிறது.

சரி, வீட்டை உயர்த்தியவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா என்றால், அவர்கள் கார் ஏற வேண்டுமே! வீடு நாலடி உயரத்தில், தெரு கீழே. நடுவில் ஒரு ராம்ப். அதைத் தன் காம்பவுண்டுக்குள் கட்டினால் பார்க்கிங்கில் இடம் போய்விடும். அதனால் தெருவுக்குள் நீட்டுவார்கள். இருபது அடித் தெருவில் இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் நாலடி. அதன்மேல் வழுக்காமல் இருக்கக் கோடு போட்ட டைல்ஸ், ஓரத்தில் இரண்டு பூந்தொட்டி, பக்கத்தில் சிமென்ட் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் நட்ட 'நோ பார்க்கிங்' பலகை. தெரு ஓரமாக நடக்கிறவர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறி இறங்க வேண்டும், இல்லையென்றால் பைக்குகளுக்கு நடுவே போக வேண்டும். மழைநீர் வடிகாலுக்குத் தண்ணீர் இறங்கும் துவாரம் எங்கே என்று தேடினால் அந்த ராம்ப்புக்கு அடியில் புதைந்திருக்கும். மழைக்காலத்தில் அதே வீட்டுக்காரர்தான் குரூப்பில் வீடியோ போடுவார்: "பாருங்கள், எங்கள் தெருவின் அவலம்."

இடிக்கக் காசில்லாதவர்களுக்கு ஜாக்கி. ஹரியானா பக்கமிருந்து ஆட்கள் வருகிறார்கள். சுவருக்கடியில் அஸ்திவாரத்தை ஒட்டி உடைத்து, நூற்றுக்கணக்கில் ஜாக்கிகளை வரிசையாகச் செருகி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, வீட்டை அப்படியே மூன்றடி, நாலடி தூக்குகிறார்கள். பிறகு இடைவெளியில் செங்கல் கட்டி அடைத்துவிடுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர்கள் திறமையில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இரண்டு அங்குலத் தாரைச் சுரண்ட நாதியில்லாத ஊரில், ஒரு முழு வீட்டையே பெயர்த்துத் தூக்குகிறோம். எது சுலபமோ அது நடக்காது. எது தனி ஆளின் தலையில் செலவாக விழுமோ அதுதான் நடக்கும்.

இதில் தெரு மட்டுமா மாறியிருக்கிறது? ஆட்களே மாறிவிட்டார்கள். வீடு பார்க்கப் போனால் முன்பெல்லாம் தண்ணீர் வசதி கேட்பார்கள், கிழக்கு வாசலா என்று கேட்பார்கள். இப்போது முதல் கேள்வி, "2015-ல எவ்வளவு வந்துச்சு?" இரண்டாவது கேள்வி, "மிக்ஜாமுக்கு?" வீட்டுக்காரர் சுவரில் மங்கிய கறையைக் காட்டி இடுப்பு, முழங்கால் என்று அளவு சொல்வார். எலக்ட்ரீஷியனிடம் சொல்லவே வேண்டாம், பிளக் பாயின்ட்டை அவராகவே நெஞ்சு உயரத்தில் வைக்கிறார். ஃப்ரிட்ஜுக்கு அடியில் நாலு செங்கல். இன்வெர்ட்டர் பரணில். பத்திரம், பாஸ்போர்ட், சர்டிபிகேட் எல்லாம் ஜிப் கவரில் மேல் அலமாரியில். கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசையாக ஏறி நின்றுவிடுகின்றன. அபராதம் போட்டாலும் பரவாயில்லை, இன்ஜின் பிழைக்குமே என்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட எந்தத் தெருவில் எவ்வளவு நிற்கும் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள்.

வாசலில் உட்காரும் பழக்கமும் இதோடு போயிற்று. உட்கார எங்கே இடம்? படி இருந்த இடத்தில் சரிவு. அம்மாவுக்கு முழங்கால் வலி. வீட்டிலிருந்து தெருவுக்கு ஏறுவது அவருக்கு இப்போது ஒரு பெரிய வேலை. ஏறினாலும் எதிரே உயரத்தில் கேட், கேட்டுக்குப் பின்னால் ஸ்டில்ட் பார்க்கிங், பார்க்கிங்குக்கு மேலேதான் மனுஷர். தெருமட்டத்தில் முகம் என்று ஒன்று தெரிவதில்லை. மண் வாசலும் இல்லை. சுவரை ஒட்டி ஒரு சாண் விடாமல் தார் போட்டுவிட்டார்கள். மார்கழியில் எதிர்வரிசைப் பெண்கள் ராம்ப் டைல்ஸ்மேல் சாய்ந்து நின்று கோலம் போடுகிறார்கள், அடுத்த கார் ஏறும்வரை அது இருக்கும். தெருவில் மிச்சமிருக்கும் தூங்குமூஞ்சி மரத்தின் அடித்தூரைச் சுற்றிலும்கூடத் தார்தான். 2016-இல் வர்தா வந்தபோது இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. காற்று பலமான காற்றுதான், மறுக்கவில்லை. ஆனாலும் சுற்றிலும் தாரையும் சிமென்ட்டையும் ஊற்றிவிட்டு மரத்தைக் குறை சொல்வதில் ஒரு நியாயம் வேண்டாமா?

'ஏரியில் வீடு கட்டினால் தண்ணீர் வராதா' என்று ஒரு கூட்டம் உடனே கிளம்பும். வரும்தான். தி.நகரே 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து எழுப்பிய ஊர்தான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் குப்பைக்கும் கட்டடத்துக்கும் கொடுத்தது போக, மிஞ்சியதற்குத்தான் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் பட்டியலில், இடம் கிடைத்தது. எல்லாம் சரி. ஆனால் அப்ரூவல் கொடுத்தவர்கள், பட்டா கொடுத்தவர்கள், வரி வாங்குகிறவர்கள் எல்லாரையும் விட்டுவிட்டு, வாழ்நாள் சேமிப்பில் அரை கிரவுண்டு வாங்கியவரை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்பது எனக்குப் பிடிப்பதில்லை. அதோடு, ஏரி போய் நூறு வருஷமான இடத்திலும் படி முழுகுகிறதே, அது ஏரியால் இல்லை. போன வருஷம் போட்ட ரோட்டால்.

வார்டு ஆபீஸில் மனு கொடுத்தேன். பதிலும் வந்தது: 'தங்கள் தெருவில் சாலை நல்ல நிலையில் உள்ளது.' உள்ளதுதான்! நான் கேட்டது உயரத்தை. கொடுத்த பதில் வழவழப்புக்கு. ரோடு போடுவதற்கு முன்னால் மட்டம் எவ்வளவு, போட்ட பிறகு எவ்வளவு என்று இரண்டு எண்ணைத் தெருமுனையில் ஒரு கல்லில் எழுதி வையுங்கள் என்று கேட்டிருந்தேன். லெவல் பார்க்கும் கருவி எந்த இன்ஜினியரிடம் இல்லை? ஒரு மணி நேர வேலை. அதற்கு மட்டும் பதிலில் ஒரு வரி இல்லை.

ஆகவே போன வாரம் நானும் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். டேப் பிடித்து அளந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். "மூணடி தூக்கினா இப்போதைக்குப் போதும் மேடம். அடுத்தடுத்து ரோடு போடுவான்ல, அதையும் சேர்த்துப் பார்த்தா அஞ்சடியா பண்ணிடலாம்." அஞ்சடி உயர்த்தினால் இங்கே நிற்கிற தண்ணீரெல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டே தாடையால் பின்வீட்டைக் காட்டினார்.

"அவங்க என்ன பண்ணுவாங்க?"

"அவங்களும் என்கிட்டதான் எஸ்டிமேட் கேட்டிருக்காங்க மேடம். ஆறடி."