நாகப்பட்டினம் ரயிலும் நம்ம ஊர் ரயிலும்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் ஓர் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "தாத்தா, சரியா இருக்கா பாருங்க" என்றான். நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து இந்த மலேசியாவுக்கு வந்த கதையை வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். இடது மூலையில் கோபுரமும் தென்னை மரமும். நடுவில் புகை கக்கும் பெரிய கப்பல். வலது மூலையில் ரப்பர் மரமும், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடான லயமும். நன்றாகத்தான் வரைந்திருந்தான்.

"கோபுரத்துலேர்ந்து கப்பலுக்கு எப்படிப் போனாங்க? கப்பலை விட்டு எறங்கி லயத்துக்கு எப்படி வந்தாங்க?" என்று கேட்டேன்.

"நடந்து" என்றான்.

சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் அவன்மேல் என்ன குற்றம்? ரஜுலா கப்பலைப் பற்றிப் பேசிப் பேசியே ரயிலை மறந்தவர்கள் நாம்தான். அதுவும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் குடியிருந்துகொண்டு, தினமும் இ.டி.எஸ். மின்சார ரயில் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மறந்திருக்கிறோம்.

என் பாட்டியிடம் கப்பலைப் பற்றிக் கேட்டால் ஒரே வரிதான்: "வாந்தியும் பருப்புத் தண்ணியும், வேற என்ன." ரயிலைப் பற்றிக் கேட்டால் இரவு முழுக்கப் பேசுவார். 1927 வாக்கில், கல்யாணமான புதிதில், தாத்தாவோடு கங்காணி பின்னால் கிளம்பி வந்தவர். திருவாரூர் நிலையத்தில்தான் முதன்முதலாக ரயிலையே பார்த்திருக்கிறார். நாகப்பட்டினம் அங்கிருந்து 25 கிலோமீட்டர்கூட இல்லை. அந்தக் கொஞ்ச தூரத்துக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லையாம். நாகையில் முகாம், பிறகு கப்பல், பினாங்கில் இறங்குவதற்கு முன்னால் ஜெரஜா தீவில் நோய்த்தடுப்புக் காவல். எல்லாம் முடிந்து பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கிற பிறை என்ற ஊரில் கொண்டுபோய் ரயிலில் ஏற்றியபோது பாட்டிக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. "அதே ரயிலுடா. அதே பலகை, அதே அகலம். கடலுக்கு அடியில பூந்து நமக்கு முன்னாடி வந்து நிக்குதோன்னு நெனச்சேன்."

சொல்லும்போதெல்லாம் நாங்கள் கேலி செய்வோம். பாட்டி போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு ரயில் வரலாறு கொஞ்சம் படித்தபோதுதான் தெரிந்தது, அவர் கண் தப்பாகப் பார்க்கவில்லை. தென்னிந்திய ரயில்வேயும் மலாய் கூட்டு மாநில ரயில்வேயும் ஓடியது ஒரே அகலத் தண்டவாளத்தில்: ஒரு மீட்டர்.

இந்த அகலத்துக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாகப்பட்டினம் திருச்சி பாதை 1861-62-ல் முதலில் போடப்பட்டபோது அது அகலப் பாதை, 1676 மில்லிமீட்டர். அப்போது அதை நடத்தியது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற லண்டன் கம்பெனி. அது 1874-ல் கர்நாடிக் ரயில்வேயோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. அந்தச் சமயத்தில்தான் இந்திய அரசாங்கம் செலவைக் குறைக்க மீட்டர் பாதையைக் கையில் எடுத்திருந்தது. போட்ட அகலப் பாதையையும் பிடுங்கிக் குறுக்கினார்கள். நூறு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடி, 1992-ல் தொடங்கிய, பாதையெல்லாம் ஒரே அகலம் என்ற திட்டத்தில் மறுபடி அகலமாக்கினார்கள். அகலமாகப் பிறந்து, ஒடுங்கி, திரும்பவும் அகலமான பாதை அது.

நம்ம ஊர்க் கம்பிச்சடக்குக்கு, அதாவது ரயில் பாதைக்கு, அந்த அலைச்சல் இல்லை. 1885 ஜூன் 1-ல் பேராக்கின் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு முதல் ரயில் ஓடியபோதும் ஒரு மீட்டர்தான், இன்றைக்கு இ.டி.எஸ். மணிக்கு 140 கிலோமீட்டரில் பறக்கும்போதும் அதே ஒரு மீட்டர்தான்.

இரண்டுக்கும் பொது என்று நான் முதலில் சொல்வது இந்தச் சிக்கனத்தை. வளைவில் சுலபமாகத் திரும்பும், மண்வேலை குறைவு, பெட்டி சிறிசு, செலவு கம்மி. சரி, எஞ்சினியர்களுக்கு அது நியாயமான கணக்கு. ஆனால் பாதை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் கணக்கு யாருக்காக என்பது விளங்கிவிடும். ஒன்று நாகைத் துறைமுகத்திலிருந்து காவிரி வயலுக்குள் போனது. இன்னொன்று போர்ட் வெல்ட் துறையிலிருந்து 13 கிலோமீட்டர், தைப்பிங் ஈயத்துக்குப் போனது. இரண்டும் முதலில் ஊரை ஊரோடு இணைக்கவில்லை, சரக்கைக் கப்பலோடு இணைத்தன. ரப்பர் வந்ததும் அந்தச் சரக்குப் பட்டியலில் நாமும் சேர்ந்தோம். 1907-ல் தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி ஒரு தமிழர் குடியேற்ற நிதியை உண்டாக்கினார்கள். ஆள் கொண்டுவரும் ரயில் செலவும் கப்பல் செலவும் அதிலிருந்துதான். பாட்டி கையில் எந்த டிக்கெட்டையும் யாரும் கொடுக்கவில்லை. கங்காணி தலையை எண்ணினான், அவ்வளவுதான்.

எல்லாமே ஒன்று என்று சாதிக்கவும் மாட்டேன். அங்கே நடத்தியது லண்டன் கம்பெனி, பங்குதாரருக்கு இவ்வளவு வட்டி கிடைக்கும் என்று அரசாங்கமே உத்தரவாதம் கொடுத்திருந்தது. இங்கே முதல் பாதையைப் போட்டது பேராக் அரசாங்கம், ஈய வருமானத்தில். 1901-ல்தான் மாநிலப் பாதைகள் கூட்டு மாநில ரயில்வே என்று ஒன்றாயின. லாபம் போன பை வேறு. மூன்றாம் வகுப்புப் பலகையில் உட்கார்ந்தவர்கள் மட்டும் அதே ஆட்கள்.

இன்னொரு ஒற்றுமை, இரண்டு துறைமுகத்துக்கும் நேர்ந்த கதி. நாகையிலிருந்த ரயில் பணிமனையை 1928-ல் திருச்சி பொன்மலைக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். போர்ட் வெல்ட் பாதையையே பெயர்த்துவிட்டார்கள். ஊரின் பெயரும் கோலா செபாத்தாங் ஆகிவிட்டது. பெயர்ப்பலகை மட்டும் மிச்சம், அதில் தமிழும் இருக்கிறது. மீன் சாப்பிடப் போகிற நம்மாட்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். ஒரு நிமிடம் அதைப் படிக்கவும் செய்யலாம்.

பழைய பாலங்களையும் சொல்ல வேண்டும். பாட்டி வந்த ரயில் கோலகங்சாரைத் தாண்டியதும் பேராக் ஆற்றைக் கடந்தது காராயில் இருக்கிற விக்டோரியா பாலத்தில், 1900-ல் திறந்தது. அங்கே தென்னிந்திய ரயில்வேக்குப் பாம்பன் பாலம், 1914. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழி அது. இன்று இரண்டிலும் ரயில் ஓடவில்லை, இரண்டுக்கும் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. பாம்பன் என்றால் எல்லோருக்கும் தெரியும். காராய் பாலம் இங்கிருந்து மோட்டாரில் சும்மா போய் வருகிற தூரம், எத்தனை பேர் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறோம்?

அந்த ஒரு மீட்டர் நமக்கு வினையாகவும் வந்தது. மலாயா, சயாம் (இன்றைய தாய்லாந்து), பர்மா மூன்றிலும் அதே அகலம். அதனால்தான் இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமையும் பர்மாவையும் 415 கிலோமீட்டர் பாதையால் கோக்க முடிந்தது. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளத்தைப் பெயர்த்து அங்கே கொண்டுபோனான். கூடவே தோட்டத்து ஆட்களையும். 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. தாத்தாவின் தம்பி சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. பாட்டி ரயில் கதை சொல்லும்போது அந்த இடம் வந்தால் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

பையனிடம் கோபுரத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு ரயில், கப்பலுக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு ரயில் வரையச் சொன்னேன். அட்டையில் இடமில்லை என்றான். கப்பலைச் சின்னதாக்கு என்றேன். முகம் சுருங்கிவிட்டது, அவ்வளவு நேரம் கப்பலுக்கு வண்ணம் அடித்திருக்கிறான்.

2015-ல் திருவாரூர் போயிருந்தேன். சின்ன வயதில் நாங்கள் தண்டவாளத்தில் விளையாடியவர்கள் (செய்யக்கூடாதது, தெரியும்), ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு ஒரே எட்டில் தாண்டுவது என் வீரம். அந்த நினைப்பில், ஊருக்கு வெளியே ஒரு ரயில்வே கேட்டில் ஒரு கம்பியில் நின்று மறு கம்பிக்குக் காலை வைத்தேன். எட்டவில்லை. கேட்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார்.