மேலே போனாலும் கீழே வந்தாலும் ஜி ஒன்றுதான்

பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகள் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். பிசிக்ஸ் நோட்டில் ஒரே கணக்கை நாலு தடவை போட்டு நாலு தடவையும் அடித்திருந்தாள். "மாமா, கல்லு மேலே போனா ஜி மைனஸ், கீழே வந்தா ப்ளஸ்னு சொல்லித் தந்தாங்க. இதுல மேலேயும் போகுது, கீழேயும் வருதே, எதைப் போட?" என்றாள்.

எனக்கு அந்த மனப்பாட வரி மேல்தான் கோபம். ஜி என்பது புவியீர்ப்பால் வரும் முடுக்கம், அதாவது நொடிக்கு நொடி வேகம் மாறும் அளவு. புவியீர்ப்பு எப்போதும் கீழேதான் இழுக்கிறது, கல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து அது திசை மாறுவதே இல்லை. ப்ளஸ், மைனஸ் எல்லாம் நாம் வைப்பது, கணக்கின் தொடக்கத்தில் ஒரு தடவை வைத்தால் கடைசிவரை அதேதான்.

கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தையே எடுத்துக்கொண்டோம். உயரம் 115 அடி, ஏறத்தாழ 35 மீட்டர். மேலே நின்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு கல்லை நேர் மேலே எறிந்தால் (கணக்கில் மட்டும்தான், கீழே ஆட்கள் இருப்பார்கள்) அது பறளியாற்றில் விழ எத்தனை நொடி? திண்ணையில் சாக்பீஸால் ஒரு செங்குத்துக் கோடு போட்டோம். கை இருக்கும் இடம் சைபர், மேல்நோக்கி ஓர் அம்புக்குறி, அதன் பக்கத்தில் ப்ளஸ். அப்போது எறிந்த வேகம் +10, ஜி −10 (9.8ஐ முழு எண்ணாக்கிக்கொண்டோம்), ஆறு இருப்பது −35. நேரத்தை டி என்று வைத்து, இடம் = வேகம் × டி + ஜியில் பாதி × டி² என்ற சமன்பாட்டில் அப்படியே போட்டால் −35 = 10டி − 5டி². டி 3.83 நொடி. −1.83 என்று இன்னொரு விடையும் வரும், அது எறிவதற்கு முந்தைய நேரம், இந்தக் கணக்குக்கு வேண்டாம்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. சரி, பிரித்தே பார் என்றேன். மேலே போக 1 நொடி, அதில் 5 மீட்டர் ஏறும், அங்கிருந்து 40 மீட்டர் விழ 2.83 நொடி. கூட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உச்சியில வேகம் சைபர்தானே மாமா, அப்போ ஜியும் சைபரா?"

இதைப் பெரியவர்களே ஆமாம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஐந்து ரூபாய்க் காசு ஒன்றைச் சுண்டிப் பிடித்துக் காட்டினேன். "உச்சியில வேகமும் இல்ல, ஜியும் இல்லன்னா காசு அங்கேயே நிக்கணுமே மக்களே, ஏன் திரும்பி வந்தது?"

சொல்லித் தருகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: சூத்திரத்தை எழுதும் முன் அந்தக் கோட்டையும் அம்புக்குறியையும் போடச் சொல்லுங்கள், அரை நிமிடம்கூட ஆகாது. அதை விட்டுவிட்டு மைனஸை மனப்பாடம் பண்ண வைத்தால், நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட தனக்கு பிசிக்ஸ் வராது என்று முடிவு கட்டிவிடுகிறது.

சாயங்காலம் கிளம்பும் முன் அவளாகவே திண்ணையில் இருந்த அம்புக்குறியை அழித்துவிட்டு, கீழ்நோக்கிப் போட்டு அதை ப்ளஸ் ஆக்கினாள். வேகம் −10, ஜி +10, ஆறு +35. போட்டு முடித்ததும் உள்ளே பார்த்துக் கத்தினாள், "மாமா, அதே 3.83!"