வெள்ளகவிக்கு வழிகாட்டி எதற்கு என்று கேட்ட தம்பிக்கு

கொடைக்கானல் மலையிலிருந்து வெள்ளகவி கிராமத்துக்கு வழிகாட்டியோடு நடந்துபோன சிங்கப்பூர்த் தம்பி ஒருவர் போட்ட வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள், மூன்று நாளாக அதுதான் சுற்றுகிறது. "சிங்கப்பூர்ல வாராவாரம் புக்கிட் திமா காட்டுல தனியாத்தான் நடக்கிறேன். இங்க மட்டும் எதுக்கு ஒரு ஆள்? மூணு மணிக்கே திரும்பச் சொல்றார், ஊருக்குள்ள ஷூவைக் கழட்டச் சொல்றார்." கீழே வரிசையாக ஹார்ட்டு.

சரி தம்பி. புக்கிட் திமா குன்றின் உயரம் 163 மீட்டர். உச்சி வரை தார் ரோடு. காலை 7 முதல் மாலை 7 வரைதான் அனுமதி, அதை நீங்கள் மீற மாட்டீர்கள். குரங்குக்கு ஒரு பிஸ்கட் நீட்டினால் ஆயிரக்கணக்கில் டாலர் அபராதம், அதனால் கை பாக்கெட்டிலேயே இருக்கும். நம் கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் டால்ஃபின் நோஸ் பாறையைத் தாண்டி இறங்கினால் வெள்ளகவி, அதற்கும் கீழே மலையடிவாரத்தில் கும்பக்கரை. மொத்த இறக்கம் 1,500 மீட்டருக்குக் குறையாது. ஒன்பது புக்கிட் திமாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு வழிகாட்டி திரும்பச் சொன்னது வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இல்லை. மதியத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறும், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. சோலைக்குள் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஈரச் சருகு மூடிய கல், ஏறும்போது வழுக்கினால் கையை ஊன்றலாம், இறங்கும்போது வழுக்கினால் இடுப்புதான். காட்டுமாடு மேய இறங்குவதும் அந்த நேரம்தான். கூட வருகிறவர் வளைவுக்கு முன்னால் நின்று, சாணியில் ஆவி பறக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். உங்களுக்கு அது "சும்மா சும்மா நிக்கிறார்".

"ஜிபிஎஸ் இருக்கே" என்பார்கள். இருக்கிறது, எதிரே குதிரை வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று அது சொல்லுமா? அந்தப் பாதையில் காபி மூட்டைக் குதிரையின் பின்னால் நடந்தவர் எங்கள் பெரியப்பா. குதிரை வந்தால் மேட்டுப் பக்கம் ஒட்டி நில், பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும் என்பார். இதெல்லாம் எந்த மேப்பிலும் இல்லை.

கால் நகம் கறுத்ததற்கும் பாதையைத் திட்டியிருக்கிறீர்கள். இறக்கத்தில் பாதம் முன்னால் சரிந்து நகம் ஷூவில் முட்டும், அவ்வளவுதான். முந்தின நாளே நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். குதிகாலை ஷூவின் பின்பக்கம் அழுத்தி வைத்து, லேஸைக் கடைசி ஓட்டை வரை கோத்துக் கணுக்காலில் இறுக்க வேண்டும். அட்டை ஏறாமலிருக்கத் துணியில் முடிந்த உப்பு உதவும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல் நகத்தால் மெல்ல நெம்பிவிடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அழுத்திப் பிடித்தால் சரியாகிவிடும். புறப்படும்போதே வழிகாட்டி இதைச் சொல்லியிருப்பார், நீங்கள் ரீல் எடுத்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

கட்டணம் அதிகம் என்கிறீர்களா, ஓரளவு சரி. அதில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டிருந்தால் நானும் கூட நின்றிருப்பேன். நீங்கள் கேட்டது தள்ளுபடி.

தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயை மறந்துவிட்டோமா? 2018 மார்ச் 11. காய்ந்த புல்லில் பிடித்த தீ சரிவில் மேல்நோக்கி ஓடும், மனுசக் கால் அதை முந்தாது. மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரைவிட்டார்கள். அதற்கப்புறம் வந்த கெடுபிடிதான் உங்களுக்கு "ஓவர் ரூல்ஸ்".

இதைச் சொன்னால் உள்ளூர்க்காரனுக்கு வெளிநாட்டுத் தமிழன் மேல் பொறாமை என்பீர்கள். எனக்கென்ன பொறாமை? அங்கே பலகையில் எழுதியிருந்தால் கேட்கிறீர்கள், இங்கே மனுசன் வாயால் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறீர்கள். அது மட்டும்தான் உறுத்துகிறது. வெள்ளகவியில் அடிக்கொரு கோயில், அதனால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. தலைமுறைகளாக வண்டி போகிற ரோடு இல்லாத ஊர். உடம்புக்கு முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு, நீங்கள் முட்டி வலிக்கிறது என்று உட்கார்ந்த அதே ஏற்றத்தில், வெறுங்காலோடு ஏறிப் பழகியவர்கள். அந்த ஊரில் நாலு தெரு ஷூ இல்லாமல் நடந்தது "ஹராஸ்மென்ட்"டாம்.

அப்புறம், வீடியோவின் கடைசியில் மூலையில் ஒருவர் நிற்கிறார் பாருங்கள், நீங்கள் "யூஸ்லெஸ்" என்று சொல்லும் அதே நொடியில். பெரிதாக்கிப் பாருங்கள். இடது தோளில் தொங்குவது அவருடைய மஞ்சப்பை. வலது தோளில் இருக்கும் நீலப் பை உங்களுடையது.